நாலு பட்டனும் ஆறு பட்டனும்

மதுரைக்குத்தாண்ணே. கோர்ட்டுக்கு. இல்லல்ல, சொத்துத் தகராறெல்லாம் இல்ல, டைவர்ஸ். எனக்குத்தான். பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க. இன்னைக்கு ஜட்ஜம்மா கேப்பாங்களாம், ரெண்டு பேரும் சேந்து வாழ வாய்ப்பு ஏதாவது இருக்கான்னு. இல்லன்னு அவ ஒரு தடவ சொல்லணும், நான் ஒரு தடவ சொல்லணும். அத்தோட முடிஞ்சிரும். "ஒரே வார்த்தைதான் தம்பி, கூட ஒரு வார்த்தை பேசிராதீங்க"ன்னு வக்கீல் ரெண்டு தடவ சொன்னாரு. என்னப் பாத்து அவருக்கு ஏன் அப்படித் தோணுச்சோ தெரியல.

நீங்க ஏண்ணே மூஞ்சிய அப்படி வச்சுக்கிறீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. காலையில நாலு இட்லி சாப்பிட்டுத்தான் கிளம்புனேன். பல்லு பிடுங்குறதுக்கு முன்னாடி ஊசி போடுவாங்கல்ல, அப்போ கன்னத்தத் தொட்டா வேற யாரு கன்னத்தையோ தொடுற மாதிரி இருக்கும். அந்த மாதிரி இருக்கு. வலியெல்லாம் கிடையாது. ஆறு மாசமா இப்படித்தான்.

என்ன பிரச்சினைன்னு கேக்கப் போறீங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க. இருங்க, நானே சொல்லிடுறேன். குடி இல்ல, சந்தேகம் இல்ல, மாமியார் கொடுமை இல்ல. சண்டை போடுற வீடியோ கேம்ல எது பெஸ்ட்டுங்கறதுதான் பிரச்சினை. சிரிங்கண்ணே, பரவால்ல. எங்க வக்கீலே சிரிச்சாரு.

உங்களுக்கு இது புரியணும்னா முதல்ல ஒண்ணு சொல்லணும். டிவியில போட்டு விளையாடுற கேம்ல, ரெண்டு ஆளு நேருக்கு நேரா நின்னு அடிச்சுக்குற வகைன்னு ஒண்ணு இருக்கு. அதுல ரெண்டு பெரிய கட்சி. ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஒண்ணு, டெக்கன் ஒண்ணு. மூணாவதா ஒரு கட்சி இருக்கு, ரத்தம் தெறிக்கும், முதுகெலும்ப உருவுவான். அதச் சொல்றவன் இருக்கான், ஆனா எங்க பக்கத்துல நின்னா டெபாசிட் போயிரும். நான் ஸ்ட்ரீட் ஃபைட்டர். அவ டெக்கன். அவ்வளவுதான் விஷயம்.

அவ பேரு சுகந்தி. மதுரைப் பொண்ணுதான், செல்லூர். அவ அண்ணன் அங்க ஒரு கேம் சென்டர் வச்சிருந்தாரு. ரெண்டு டிவி, ரெண்டு மிஷினு, நாலு பிளாஸ்டிக் சேர். நான் மதுரையில காலேஜ் படிச்சப்போ அங்கதான் கிடப்பேன். அண்ணன் சாப்பிடப் போனா இவ கல்லாவுல உக்காருவா. ஒரு நாள் ஆள் குறையுதுன்னு இவளையும் உக்கார வச்சோம். வரிசையா ஆறு பேர எந்திரிக்க வச்சா. அங்க அதுதான் வழக்கம், தோத்தவன் ஜாய்ஸ்டிக்க அடுத்தவன் கையில குடுத்துட்டு எந்திரிக்கணும், வாயத் தொறக்கக் கூடாது. நான் ஏழாவது ஆளு. எந்திரிக்கும்போது வாயத் தொறந்தேன். "இது டெக்கன்கிறதால ஜெயிச்ச. ஸ்ட்ரீட் ஃபைட்டர் போடு பாப்போம்"னேன். அவ நிமிந்து பாத்து, "எந்த ஊரு உனக்கு?"ன்னா. "திருச்சி"ன்னேன். "அதான்"ன்னா.

அதான்னா என்ன அர்த்தம்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லல.

வேலை கிடைச்சு ரெண்டு வருஷம் கழிச்சு வீட்டுல சொன்னேன். எங்க ஆளுங்கதான், அதனால பெரிசா எதிர்ப்பு இல்ல. பொண்ணு பாக்கப் போனோம். கேசரி, பஜ்ஜியெல்லாம் முடிஞ்சு, "ரெண்டு பேரும் மாடிக்குப் போயி பேசிட்டு வாங்க"ன்னு அனுப்புனாங்க. பத்து நிமிஷம் குடுத்தாங்க. முக்கா மணி நேரம் ஆயிருச்சு. கீழ எங்கம்மாவுக்கு வேர்த்துருச்சாம். இறங்கி வந்ததும் அவ அப்பா கேட்டாரு, "என்னம்மா, பேசிட்டீங்களா?"ன்னு. "இன்னும் முடியலப்பா"ன்னா. எல்லாரும் சிரிச்சாங்க. அவங்க வேற என்னமோ நெனச்சுக்கிட்டாங்க. நாங்க பட்டன் கணக்குலதான் நின்னுக்கிட்டு இருந்தோம்.

பட்டன் கணக்குன்னா, ஸ்ட்ரீட் ஃபைட்டர்ல ஆறு பட்டன். குத்துக்கு மூணு, உதைக்கு மூணு. மெதுவா, நடுத்தரமா, பலமா. எவ்வளவு நுணுக்கம் பாருங்க. டெக்கன்ல நாலுதான். இடது கை, வலது கை, இடது கால், வலது கால். அதுக்கு அவ என்ன சொல்லுவான்னா, "மனுஷனுக்கு இருக்கறதே நாலுதான வாசு, மிச்சம் ரெண்ட எங்க வச்சிருக்க?"ம்பா. நான் மணிவாசகம், அவ வாசும்பா.

நான் அவ சொன்னதுக்கு விடுவேனா. ஒரு டைரி போட்டு எழுதி வச்சேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் ஏன் பெஸ்ட்டுன்னு இருபத்தேழு காரணம். கல்யாணமான புதுசுல ஞாயித்துக்கிழமை கறிக்குழம்பு சாப்பிட்டுட்டு ரெண்டு பேரும் டிவி முன்னாடி உக்காந்துருவோம். நாலு மணி வரைக்கும் விளையாட்டு, அப்புறம் ராத்திரி சாப்பாடு வரைக்கும் வாக்குவாதம். எங்கம்மா ஒரு தடவ வந்திருந்தாங்க. அவங்க ஒண்ணும் சொல்லல. நல்லவங்க. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க, "கட்டுன பொண்ணு சம்மணம் போட்டு உக்காந்து புருஷன அடிச்சு அடிச்சு விழுத்துறாளே, நல்லாவா இருக்கு?"ன்னு. அவ உடனே ஜாய்ஸ்டிக்க எங்கம்மா கையில குடுத்து, "நீங்க அடிங்க அத்தை"ன்னா. அம்மாவும் ரெண்டு அடி அடிச்சாங்க. என்னத்தான்.

நல்லாத்தான் இருந்துச்சுண்ணே. அது ஒண்ணும் பொய் இல்ல.

பஸ்ஸு விராலிமலை தாண்டிருச்சா? சரி. நேரமிருக்கு.

இதுல நான் ஒண்ணு கவனிச்சேன். அவகிட்ட ஒரு பழக்கம். நான் ஒரு பாயிண்ட் சொல்லி முடிக்கிற வரைக்கும் பேசமாட்டா. முடிச்சப்புறம் கொஞ்சம் யோசிப்பா. அப்புறம் ஒரே ஒரு வரி சொல்லுவா. எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது. அவ வாயத் தொறக்கும்போதே அவ என்ன சொல்லப் போறான்னு எனக்குத் தெரிஞ்சுரும். தெரிஞ்சப்புறம் எதுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கணும்? பதில சொல்லிருவேன். "நான் அத சொல்ல வரல"ம்பா. வேற எதச் சொல்ல வந்திருப்பா, அதத்தான்.

நீங்க இப்போ என்னமோ... இருங்க, முக்கியமான இடம் வருது.

மூணு வருஷத்துக்கு முன்னாடி அவ மாசமா இருந்தா. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு. அஞ்சு மாசம் ஆயிருந்துச்சு. ஒரு செவ்வாக்கிழமை செக்கப்புக்குப் போனோம். ஸ்கேன் எடுத்த அம்மா ஒரே இடத்துலயே திரும்பத் திரும்ப வச்சுப் பாத்தாங்க. அப்புறம் பெரிய டாக்டர் வந்தாங்க. துடிப்பு இல்லன்னாங்க. நான் சரின்னேன். வேற என்னத்தச் சொல்றது, நீங்களே சொல்லுங்க. அவங்க சொன்னது எனக்குக் கேட்டுச்சு, சரின்னேன்.

மூணு நாள் ஆஸ்பத்திரியில இருந்தா. நான் வெளிய பெஞ்சுலதான் இருந்தேன், எங்கயும் போகல. அந்த மூணு நாளும் வீட்டுக்குக்கூடப் போகல. உள்ள அவ அம்மா இருந்தாங்க, சொந்தக்காரங்க வந்து வந்து அழுதுட்டுப் போனாங்க. எனக்கு அழுகை வரல. வரலன்னா என்ன பண்றது? வரவழைக்கவா முடியும்? சும்மா உக்காந்திருக்க முடியல. ஃபோன எடுத்து எழுத ஆரம்பிச்சேன். அந்த டைரியில இருந்த இருபத்தேழு காரணத்தையும் வச்சு ஒரு வீடியோ போடலாம்னு ரொம்ப நாளா நெனப்பு. அந்த பெஞ்சுலதான் முழுசும் எழுதி முடிச்சேன். "எந்தச் சண்டை கேம் பெஸ்ட்: இறுதித் தீர்ப்பு"ன்னு பேரு. நாப்பத்தொரு நிமிஷம். நூத்திப் பன்னெண்டு பேர் பாத்திருக்காங்க.

அவ வீட்டுக்கு வந்த மூணாம் நாள் டிவியில போட்டுக் காமிச்சேன். தப்பா நெனைக்காதீங்கண்ணே. அவ சாப்பிடல, பேசல, சுவத்தப் பாத்துக்கிட்டுப் படுத்திருந்தா. ஒரு பாயிண்ட்டுக்காவது கோவம் வந்து எந்திரிச்சு சண்டைக்கு வந்தா சரியாயிருவான்னு நெனச்சேன். அதுலயே வேணும்னே ஒரு பொய்யான தகவல்கூட வச்சிருந்தேன், டெக்கன் எந்த வருஷம் வந்துச்சுன்னு. அவளுக்குத் தெரியும் அது தப்புன்னு. தூண்டில் மாதிரி.

நாப்பத்தொரு நிமிஷமும் பாத்தா. முடிஞ்சதும், "நல்லாருக்கு"ன்னா.

நல்லாருக்குன்னு சொன்னா நான் என்ன பண்றது?

அப்புறம் ஒரு வாரம் கழிச்சு அவளே மிஷினப் போட்டா. எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. சத்தம் கேட்டு எட்டிப் பாத்தேன். டெக்கன்ல பயிற்சி பண்றதுக்குன்னு ஒரு இடம் இருக்கு. எதிர்ல ஒரு ஆளு சும்மா நிக்கும், திருப்பி அடிக்காது. நேரக் கணக்கு கிடையாது, தோல்வி கிடையாது. அந்த இடத்துல உக்காந்து ஒரே அடிய அடிச்சுக்கிட்டு இருந்தா. வலது கை, வலது கை, வலது கை. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். அவ வேலைக்கு லீவு போட்டிருந்தா, நான் ஆபீஸ் போகும்போதும் அதான், வரும்போதும் அதான். அடுத்த ஞாயித்துக்கிழமைக்கு என்னத் தோக்கடிக்கத் தயாராகுறான்னு நெனச்சேன். பின்னாடி நின்னு பாத்து, "ரெண்டாவது அடி கொஞ்சம் லேட்டா விழுது, முன்னாடியே அமுக்கு"ன்னு சொல்லிக் குடுத்தேன். எதிர்க் கட்சிக்கே சொல்லிக் குடுத்தேன், யோசிச்சுப் பாருங்க. எவன் செய்வான்?

அப்புறம் அடிக்கிறதையும் விட்டுட்டா.

அந்தப் பயிற்சி இடத்துல இன்னொரு வசதி இருக்கு. எதிர்ல நிக்கிற ஆளு என்ன பண்ணணும்னு நாமளே பதிவு பண்ணி வைக்கலாம். நாம பண்ணிக் காமிச்சா, அது அத அப்படியே திரும்பத் திரும்பப் பண்ணும். நமக்கு எந்த அடியத் தடுக்கத் தெரியலையோ அதப் பதிவு பண்ணி வச்சுப் பழகணும், அதுக்குத்தான் அந்த வசதி. அவ என்ன பதிவு பண்ணி வச்சிருந்தா தெரியுமா? அந்த ஆளு நடந்து வருது. கிட்ட வந்து நிக்குது. அவ்வளவுதான். கைய ஓங்கல, தடுக்கல, ஒண்ணும் பண்ணல. இவ ரெண்டடி பின்னாடி எடுத்து வைப்பா. அது மறுபடி நடந்து வரும். கிட்ட வந்து நிக்கும். இவ பாத்துக்கிட்டே இருப்பா. மறுபடி ரெண்டடி பின்னாடி. அது மறுபடி வரும். நான் முதல்ல மிஷினு மக்கர் பண்ணுதுன்னு நெனச்சேன்.

நாலஞ்சு நாள் பாத்தேன். இதுல என்ன பயிற்சி இருக்கு, நீங்களே சொல்லுங்க. ஒரு நாள் அவ குளிக்கப் போனப்போ உக்காந்து அதச் சரி பண்ணி வச்சேன். நல்லா ஒரு அடிவரிசையாப் போட்டு, தடுக்கவே முடியாத மாதிரி ஒண்ணு, ஏழு அடி. அவளோட பதிவு இருந்த இடத்துலயே ஏத்தி வச்சேன். பழையது அழிஞ்சிரும், அது தெரிஞ்சுதான் பண்ணுனேன். அது என்ன பெரிய பதிவா, மூணு செகண்டு.

அவ தலையத் துவட்டிக்கிட்டே வந்து உக்காந்தா. பட்டன அமுக்குனா. அது ஓடி வந்து ஏழு அடி அடிச்சு அவள விழுத்திருச்சு. "எப்படி?"ன்னேன் நான். கதவுகிட்டதான் நின்னேன்.

அவ திரும்பிப் பாத்தா. "அத ஏன் அழிச்ச?"ன்னா.

"அது உதவாது சுகந்தி, இதப் பழகு, இதத்தான் உனக்குத் தடுக்கத் தெரியாது"ன்னேன்.

மிஷின அணைச்சா. வயரெல்லாம் கழட்டி மடிச்சு வச்சா. உள்ள போயி அரிசி களைய ஆரம்பிச்சா. அன்னைக்குத் தொட்டவதான், அப்புறம் இந்த மூணு வருஷத்துல ஒரு தடவகூடத் தொடல. நான் எவ்வளவோ சொன்னேன், "மறுபடி பதிவு பண்ணிக்க, நடக்குறதுதான, அஞ்சு நிமிஷ வேலை, வேணா நானே பண்ணித் தர்றேன்"ன்னு. "வேணாம் வாசு"ன்னா. கோவமாகூடச் சொல்லல. நல்லது பண்ணப் போயி நமக்குக் கெட்ட பேரு.

துவரங்குறிச்சியில டீக்கு நிறுத்துவான். உங்களுக்கு வேணும்னா இறங்கிக் குடிச்சுட்டு வாங்கண்ணே. நான் உக்காந்திருக்கேன். இல்லையா? சரி, அப்போ சொல்றேன்.

அதுக்கப்புறம் வீட்டுல சண்டையே இல்ல. வெளிய இருந்து பாத்தா அருமையான குடும்பம். நான்தான் தனியா வாதாடிக்கிட்டு இருந்தேன். சோறு போடும்போது ஆரம்பிப்பேன், "உன் டெக்கன்ல கதையே நல்லா இல்ல, அப்பன் மகனத் தூக்கி மலையில இருந்து போடுறான், மகன் அப்பனப் போடுறான், இதெல்லாம் ஒரு கதையா"ன்னு. "ஆமா"ம்பா. "புதுசா வந்ததுல பொம்மையெல்லாம் மெழுகு மாதிரி இருக்கு"ம்பேன். "ம்"ம்பா. குழம்பு ஊத்துவா. எனக்கு அந்த ம் பிடிக்காது. சுவத்துல பந்து போட்டாக்கூடத் திரும்பி வரும்.

போன வருஷம் ஆனி மாசம் ஒரு வெள்ளிக்கிழமை நான் வேலை முடிஞ்சு வர்றேன், பீரோவுல அவ துணி இல்ல. மிஷினு இருந்துச்சு, ரெண்டு ஜாய்ஸ்டிக்கும் இருந்துச்சு. டெக்கன் டிஸ்க்கும் இருந்துச்சு. அவ அம்மா வீட்டுக்கு ஃபோன் பண்ணுனேன். "இங்கதான் இருக்கேன். இனிமே இங்கதான் இருப்பேன்"ன்னா. "உன் கேம விட்டுட்டுப் போயிட்டியே"ன்னேன். வேற என்ன கேக்குறதுன்னு அந்த நேரத்துல தோணல.

நான் மதுரையில இருந்த வீட்டக் காலி பண்ணிட்டு திருச்சிக்கு அம்மா வீட்டோட வந்துட்டேன். அப்புறம் பெரியவங்க பேசுனாங்க, கோர்ட்டுல ஒரு கவுன்சிலிங் அம்மாகிட்ட அனுப்புனாங்க. அந்தம்மா கேட்டாங்க, "என்னப்பா உங்களுக்குள்ள பிரச்சினை?"ன்னு. நான் உள்ளத உள்ளபடி சொன்னேன், எது பெஸ்ட்டுங்கறதுல ஆரம்பத்துல இருந்தே எங்களுக்கு ஒத்துப் போகலன்னு. இருபது நிமிஷம் விளக்குனேன். ஆறு பட்டன், நாலு பட்டன், எல்லாம். அந்தம்மா மூக்குக் கண்ணாடியக் கழட்டி வச்சுட்டு சுகந்தியப் பாத்தாங்க. "ஏம்மா, இதுதானா?"ன்னாங்க. சுகந்தி சொன்னா, "அவரு சொல்றதயே எழுதிக்கங்க மேடம்"ன்னு. நான் அந்த இடத்துலயாவது இல்லன்னு சொல்லுவான்னு பாத்தேன்.

வக்கீல் மனு எழுதுனாரு. "கருத்து வேறுபாடு காரணமாக"ன்னு போட்டிருந்தாரு. நான் படிச்சுட்டு சொன்னேன், "சார், இத மட்டும் மாத்துங்க. எங்களுக்குள்ள இருந்ததுலயே நல்லா இருந்தது அது ஒண்ணுதான். அது போனப்புறம்தான சார் இந்த நெலம"ன்னேன். அவரு, "எல்லாருக்கும் இதான் தம்பி போடுறது, கையெழுத்துப் போடுங்க"ன்னாரு. போட்டேன். அவளும் போட்டா. ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னாங்க. அந்த ஆறு மாசம்தான் இன்னைக்கு முடியுது.

மூணு தடவ சொல்ல வந்துட்டீங்க, நான்தான் விடமாட்டேங்கிறேன், தெரியுது. நேத்து நடந்தத மட்டும் சொல்லிடுறேன், அப்புறம் நீங்க சொல்லுங்க.

நேத்து சாயங்காலம் அவளே ஃபோன் பண்ணுனா. ஆறு மாசத்துல முதல் தடவ. "நாளைக்கு ஆதார் ஜெராக்ஸ் ரெண்டு வேணுமாம், ஃபோட்டோ ஒண்ணு. உங்கிட்ட சொல்லச் சொன்னாங்க"ன்னா. சரின்னேன். "பஸ்ஸுல வர்றியா?"ன்னா. ஆமான்னேன். "சீக்கிரமே கிளம்பு, மேலூருகிட்ட ரோட்டு வேலை நடக்குது"ன்னா. சரின்னேன். அவ வைக்கப் போறான்னு தெரிஞ்சுது. வச்சுட்டா அப்புறம் கோர்ட்டுலதான். வாயில வந்தது இதுதான். "சுகந்தி, இப்பவாவது சொல்லு, எதுதான் பெஸ்ட்டு?"ன்னேன்.

அவ யோசிக்கிறான்னு நெனச்சேன். எப்பவும் யோசிச்சுட்டுத்தான ஒரு வரி சொல்லுவா.

"உன்னோடதுதான் வாசு. ஸ்ட்ரீட் ஃபைட்டர்தான் பெஸ்ட்டு"ன்னா.

பத்து வருஷம் கேட்டுருக்கேன் இத. பொண்ணு பாக்கப் போன மாடியில இருந்து கேக்குறேன். அவ வாயால வரணும்னு நாப்பத்தொரு நிமிஷத்துக்கு வீடியோ போட்டவன் நான். சொல்லிட்டா. நான் ஜெயிச்சாச்சு. எனக்கு ஒண்ணுமே தோணல. ஃபோனப் பிடிச்சிருக்கிற கை என் கை மாதிரியே இல்ல.

"எப்படிச் சொல்ற? காரணம் சொல்லு"ன்னேன்.

"காரணமெல்லாம் இல்ல. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். ஜெராக்ஸ மறந்துறாத"ன்னு வச்சுட்டா.

நாலு ஜெராக்ஸ் எடுத்து வச்சிருக்கேன். பையில இருக்கு.

அப்புறம் உக்காந்து யோசிச்சேண்ணே. காரணமில்லாம ஒருத்தர் ஒத்துக்கிட்டா அது ஜெயிச்சதா ஆகுமா? ஆகாது. சரி, அவ பக்கம் பேச ஆளில்ல, நாமளே பேசிப் பாப்போம்னு அவ சொன்ன பாயிண்ட்டெல்லாம் ஒவ்வொண்ணா எடுத்தேன். எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, ஆச்சரியமா இருந்துச்சு. அதுல ஒண்ணு, கல்யாணமான முதல் வருஷமே சொன்னது. "உன் கேம்ல எட்டவே நின்னு நெருப்ப வீசி ஜெயிச்சுறலாம் வாசு. என்னோடதுல கிட்ட வந்துதான் ஆகணும்"ன்னா. அதுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு தேடிப் பாத்தேன். டைரிய எடுத்துப் பாத்தேன். இருபத்தேழு காரணத்துல ஒண்ணுகூட அதுக்குப் பதில் இல்ல. ஒவ்வொரு தடவையும் அவ அத எடுக்கும்போது நான் பட்டன் கணக்குக்குத் தாவியிருக்கேன். பத்து வருஷமா பதிலே சொல்லல, நேத்துதான் தெரியுது.

அப்போ அவதான ஜெயிச்சிருக்கா? ஜெயிச்ச ஆளு எதுக்கு எந்திரிச்சுப் போறா?

அதான் ஒரு யோசனை பண்ணி வச்சிருக்கேன். யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டதான் சொல்றேன். ஜட்ஜம்மா கேப்பாங்கல்ல, சேந்து வாழ வாய்ப்பு இருக்கான்னு. நான் இருக்குன்னு சொல்லப் போறேன். வக்கீல் கத்துவாரு, கத்தட்டும். நான் இருக்குன்னு சொல்லிட்டா அவ சும்மா ம்முன்னு நிக்க முடியாது. இல்லன்னு சொல்லியாகணும். ஏன் இல்லன்னு ஜட்ஜம்மா கேப்பாங்க. அவ காரணம் சொல்லியாகணும். என்னப் பாத்துத்தான் சொல்லணும். மூணு வருஷமா எங்கிட்ட இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லல அவ. இன்னைக்குச் சொல்லட்டும். ஒண்ணொண்ணா சொல்லட்டும், இருபத்தேழு இருந்தாலும் சொல்லட்டும். நான் நின்னு கேக்குறேன். பட்டன் கணக்கெல்லாம் எடுக்கமாட்டேன். அவ முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கமாட்டேன், சத்தியமா. இந்தத் தடவ குறுக்க பேசமாட்டேண்ணே.

என்னண்ணே? என்னமோ சொல்ல வந்தீங்களே.

இருங்க, இருங்க. ஒரே நிமிஷம். இத மட்டும் சொல்லி முடிச்சுடுறேன்.